சின்யோராவின் ஐந்து விடுமுறைகள்

“திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் வரவேண்டாம் றோசா. விடுமுறை” என்று வீட்டுக்கார அம்மா, சின்யோரா ஓபேலியா சொன்னபோது றோசமலர் சுவரிலிருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நவம்பர் மூன்று, நான்கு, ஐந்து. இத்தாலியின் பலேர்மோ நகரில் அந்த நாட்களில் ஒரு கடைகூட மூடுவதில்லை.

மன்னாரிலிருந்து வந்த பதினெட்டு வருடத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய வேலை. முன்பு இருந்த வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. “ரெண்டு நாள் ஓய்வெடு” என்றார்கள். மூன்றாம் நாள் போய் மணியை அடித்தபோது வேறொருத்தி அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

சின்யோராவுக்கு எண்பத்தொரு வயது. பனாமாவில் பிறந்தவர். கப்பல் இஞ்சினியரான ஒரு சிசிலிக்காரரைக் கட்டிக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முழங்கால் வலியால், றோசமலரின் கையைப் பிடிக்காமல் தெருமுனையில் இருக்கும் மருந்துக்கடைக்குக்கூடப் போகமாட்டார்.

“பனாமாவிலை லீவு உண்மைதான் அம்மா” என்றாள் அன்றிரவு வீட்டில் றோசமலரின் மகள் மொனிகா, போனைப் பார்த்துவிட்டு. “மூண்டு கொலம்பியாவிலையிருந்து பிரிஞ்ச நாள், நாலு கொடி நாள், அஞ்சு கொலோன் எண்ட ஊரின்ரை நாள். பத்தும் இருபத்தெட்டும்கூட இருக்கு.”

“லீவு அங்கை. இவ இஞ்சையெல்லோ இருக்கிறா. அம்பது வருசம் கழிச்சு என்ன பனாமா லீவு?” என்றாள் றோசமலர்.

“விடுமன். சும்மா கிடைக்கிற லீவுக்கும் உனக்குச் சந்தேகம்” என்று சிரித்தான் கணவன் பேனாட்.

அவளால் விட முடியவில்லை. பத்தாம் திகதியும் வரவேண்டாம் என்று சின்யோரா சொன்னதும், அன்று காலை போர்கோ வெக்கியோ பகுதியில் சின்யோராவின் வீட்டுக்கு எதிரே இருந்த காப்பிக்கடை வாசலில் போய் நின்றாள். புதிதாக யாரும் உள்ளே போகவில்லை. பத்து மணியாகியும் யன்னல்கள் திறக்கவில்லை. மணியை அடித்தாள், பதிலில்லை. பயத்தில் சின்யோராவின் கணவருடைய அண்ணன் மகன் கார்மெலோவுக்குப் போன் எடுத்தாள்.

“என்ன விடுமுறை? இன்றைக்கு ஒன்றுமில்லையே” என்றான் அவன். “அவர் தனியாக வெளியே போகிறாரா என்று பார்த்துச் சொல். அப்படியென்றால் முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சின்யோரா இல்லத்துக்குப் போனால் அவளுக்கும் அங்கே வேலையில்லை.

இருபத்தெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை. அன்றும் வரவேண்டாம் என்றதால் றோசமலர் மறுபடியும் காப்பிக்கடை வாசலில் நின்றாள். ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையும் சிவப்புச் சால்வையுமாக, கையில் ஊன்றுபொல்லோடும் ஒரு துணிப்பையோடும் சின்யோரா இறங்கிவந்தார். தனியாக! இவ்வளவு நாளும் தன் கையில் தொங்கிக்கொண்டு நடந்த மனுசியா இது? ஏமாந்துவிட்டோம் என்ற கோபத்தில் றோசமலர் ஒளிந்து ஒளிந்து பின்னால் போனாள்.

சின்யோரா போய்நின்ற இடம் துறைமுகம். கம்பிவேலிக்கு அப்பால் துருப்பிடித்த சரக்குக் கப்பலொன்று நின்றது. அதன் பின்பக்கத்தில் பனாமாக் கொடி: சிவப்புக் கட்டம், நீலக் கட்டம், வெள்ளைக் கட்டங்களில் இரண்டு நட்சத்திரம். வாசலால் வெளியே வந்த இரண்டு மாலுமிகளை மறித்துச் சின்யோரா ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பொல்லு சறுக்கியது, வேலியைப் பிடித்துக்கொண்டார்.

“மாதாவே, விழப்போறா!” என்று கத்திக்கொண்டு றோசமலர் ஓடினாள்.

மாலுமிகளில் ஒருவன் திரும்பினான். “அக்கா, நீங்க தமிழா? நான் தூத்துக்குடி. இந்த அம்மா என்ன கேக்குறாங்கன்னே புரியலக்கா.”

சின்யோரா றோசமலரை முறைத்தார். ஆனாலும் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டார். “கேள் அவனிடம்” என்றார் இத்தாலிய மொழியில். “கப்பலில் எங்கள் நாட்டுக்காரர் எத்தனை பேர்?”

“ஒருத்தர்கூட இல்லக்கா” என்றான் அவன். “கப்பல் அங்க பதிவு பண்ணது, அதான் அந்தக் கொடி. கேப்டன் உக்ரைன்காரர். நாங்க ஏழு பேர் இந்தியா, மிச்சம் பிலிப்பைன்ஸ்.”

றோசமலர் அதை மெதுவாகச் சொன்னாள். சின்யோரா நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். பிறகு, “அந்தக் கொடியை ஏற்றுவது யார்?” என்று கேட்கச் சொன்னார்.

“நான்தான். தினம் காலையில எட்டு மணிக்கு.”

சின்யோரா துணிப்பையை அப்படியே அவனிடம் நீட்டினார். உள்ளே தேங்காய் இனிப்பு. அவன் ஒன்றை வாயில் போட்டு, “எங்கம்மா செய்ற மாதிரியே இருக்கு” என்றான். அதையும் அவள் மொழிபெயர்த்தாள்.

அவர்கள் போன பிறகு சின்யோரா கையை உதறினார். “கார்மெலோ அனுப்பினானா?”

“இல்லை. நானாகத்தான் வந்தேன்.”

“பத்தாம் திகதி அவனுக்குப் போன் எடுத்தாய். அன்று நானும் இங்கேதான் நின்றேன். கப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால், நீ சொன்னாய் என்று அவன் வாசலில் நிற்கிறான். பக்கத்துக் கடைக்குப் போனேன் என்று சமாளித்தேன்.”

“எனக்குப் பதிலாக வேறு யாரையோ வைக்கப் போகிறீர்கள் என்று பயந்தேன், சின்யோரா.”

“நீ அவனுடைய ஆள் என்று நானும் பயந்தேன். அதனால்தான் உன்னை வரவேண்டாம் என்றேன்.”

திரும்பும் வழியில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் வலி பொய்யில்லை என்பது றோசமலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கார்மெலோ போன் எடுத்து, நேற்று சின்யோரா வெளியே போனாரா என்று கேட்டான். “வீட்டில்தான் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்” என்றாள் றோசமலர். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்யோரா நன்றி சொல்லவில்லை. போனை வாங்கி, எத்தனை நிமிடம் பேசினாள் என்று பார்த்தார். பிறகுதான் காப்பி போடச் சொன்னார்.

“டிசம்பர் எட்டு எங்கள் ஊரில் அன்னையர் தினம். அன்று நீ வா.”

“அன்று இங்கேயும் விடுமுறைதானே, சின்யோரா? மாதாவின் திருநாள்.”

“வேலைக்கு இல்லை. துறைமுகத்துக்கு. மகளையும் கூட்டிக்கொண்டு வா.”

மகளை எதற்குக் கேட்கிறார் என்று படியிறங்கும்போதே றோசமலருக்கு மறுபடியும் யோசனை. ஆனால் எட்டாம் திகதி மூவரும் போனார்கள். அன்று பனாமாக் கொடியோடு எந்தக் கப்பலும் வரவில்லை. நாப்போலிக்குப் போகும் பயணிகள் கப்பல் மட்டும் நின்றது. ஒரு நீண்ட மர வாங்கிலில் உட்கார்ந்து இனிப்பைச் சாப்பிட்டார்கள். மொனிகாவுக்குச் சின்யோரா ஸ்பானிய மொழியில் பத்துவரை எண்ணச் சொல்லிக்கொடுத்தார். குளிர் ஏறியதும் எழுந்து, ஒரு கையை றோசமலரிடமும் மறுகையை மொனிகாவிடமும் கொடுத்து வீட்டுக்கு நடந்தார்.