கை வைக்க மறுத்த நாள்

ரவிக்கையின் வலது கை ஏறவில்லை. முந்தின வாரம் தளர்வாக இருந்த அதே ரவிக்கை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து ஓராண்டு கடந்திருந்தது. மருந்து ஏற்றுவதும் கதிர் சிகிச்சையும் முடிந்து, வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை எனக்கு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைத் தூக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் என் முதல் பயம்.

பதுளையில் டாக்டர் என் கையை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நிணநீர் வீக்கம் (அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால், வடிய வேண்டிய நீர் கையிலேயே தேங்குவது) என்றார்.

“முழுசா போயிருமா டாக்டர்?”

“அப்படிச் சொல்ல மாட்டேன்மா. கட்டுப்பாட்டுல வச்சிருக்கலாம். எண்ணெய் போட்டு யாரையும் உருவ விடாதீங்க. இதுக்குன்னு படிச்சவங்ககிட்ட அனுப்புறேன்.”

அப்படித்தான் ரிஸ்வானாவிடம் போனேன். பதுளை நகரத்துப் பெண், என்னைவிட இளையவர். நிணநீர் வடிப்பு மசாஜ் (தேங்கிய நீரை மெல்லிய தொடுகையால் வேறு வழிக்கு நகர்த்துவது) செய்பவர். மேல் உடைகளைக் கழற்ற வேண்டும் என்றதும் எழுந்துவிட்டேன். அறுத்த இடத்தை நான் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. என் கணவர் செல்வமும் பார்த்ததில்லை.

ரிஸ்வானா கதவைத் தாழிட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். “இன்னைக்குக் கழுத்தும் கையும் மட்டும் செய்றேன் அக்கா. ஆனா நெஞ்சுப் பக்கமும் தொறக்காம இந்த நீருக்குப் போக வழி கெடைக்காது. அத மறைக்காம சொல்லணும். எப்பன்னு நீங்க சொல்லுங்க.”

அவர் தொட்டது மசாஜ் மாதிரியே இல்லை. தோலை மட்டும் மெதுவாக இழுத்து விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“கொஞ்சம் அழுத்திப் பிடிங்க மிஸ். அப்பத்தான் சுகமா இருக்கும்.”

“சுகமாத்தான் இருக்கும். ஆனா அழுத்தினா வீக்கம் கூடும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம் அக்கா, படுக்கிறதா, உக்கார்றதா, வெளக்க அணைக்கிறதா, எல்லாம். இது மட்டும் என்னால முடியாது.”

நான் மறுபடி போனேன். ஒரு நாள் நானாகவே ரவிக்கையைக் கழற்றினேன். அவர் ஒரு துணியால் என்னை மூடி, தொட வேண்டிய இடத்தை மட்டும் திறந்தார். தழும்பின் ஓரத்தில் கை வைப்பதற்கு முன், “தொடலாமா?” என்று கேட்டார். அறுவைக்குப் பிறகு எத்தனையோ கைகள் அங்கே பட்டிருக்கின்றன. கேட்டுவிட்டுத் தொட்ட முதல் கை அது.

பிறகு ஒரு மழைக்காலம். காம்பராவில் ஒரு குழந்தையின் நகம் என் வலது கையைக் கீறியது. நான் பொருட்படுத்தவில்லை. சில நாளில் குளிர் எடுத்தது. மழை என்று நினைத்துக்கொண்டு, கை கனக்கிறதே, மிஸ் தொட்டால் குறையும் என்று பஸ் ஏறினேன்.

ரிஸ்வானா என் சட்டைக் கையை ஒதுக்கினார். முழங்கைக்குக் கீழே சிவந்திருந்தது. புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

“இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன் அக்கா.”

“அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கேன் மிஸ். வலி தாங்க முடியல. கொஞ்சமாவது...”

“கெஞ்சாதீங்க. செய்யக் கூடாது.”

அழுதுவிட்டேன். அருவருத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் குடையை எடுத்துக்கொண்டு, என் இடது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிவரை நடந்தார். தோலடிக் கிருமித் தொற்று (கீறல் வழியாகக் கிருமி புகுந்து உள்ளே பரவுவது), காய்ச்சலும் இருக்கிறது, உடனே வார்டில் சேருங்கள் என்றார் டாக்டர். “இந்த நேரத்துல மசாஜ் செய்யாம விட்டது நல்லது. நாள் போயிருந்தா ரத்தத்துலயும் கலந்திருக்கும்.”

மருந்து நரம்பு வழியாக ஏறியது. சிவப்பு மெல்ல வடிந்தது. ரிஸ்வானா வார்டுக்கு வந்தபோது, அன்று அவர் அருவருத்துவிட்டதாக நினைத்ததைச் சொன்னேன். “தெரியும் அக்கா. மொகத்துலயே தெரிஞ்சிச்சு” என்று சிரித்தார்.

இதே வீக்கத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள். உங்களுக்காக எதையெல்லாம் மாற்றலாம் என்று சிகிச்சை செய்பவர்களிடம் கேளுங்கள். மாற்ற முடியாது என்று அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

கை பழைய அளவுக்கு வரவில்லை. பகலில் இறுக்கமான உறை போட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை நான் தூக்குவதில்லை. பாயில் உட்கார்ந்துகொள்கிறேன், அவர்கள் மடியில் ஏறுகிறார்கள்.

முதுகுப் பக்கம் எனக்கு எட்டாது. வீட்டில் யாராவது பழக வேண்டும் என்றார் ரிஸ்வானா. யோசித்து, செல்வத்தைக் கூட்டிப்போனேன். தேயிலை ஸ்டோரில் (தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை) இயந்திரங்களோடு பழகிய கை அவருடையது. தழும்பை அன்றுதான் முதல்முறை பார்த்தார். பிறகு ரிஸ்வானா காட்டியபடி என் முதுகில் கை வைத்து, “இப்படியா புள்ள?” என்றார்.

“இன்னும் மெதுவாங்க.”

முன்பெல்லாம் குணமாகும் நாளை எதிர்பார்த்தே மற்ற நாட்களைத் தள்ளினேன். இப்போது ஒவ்வொரு மாலையும் சிறிது நேரம் அவர் கை என் முதுகில் நகர்கிறது. அவசரப்பட்டால் நீர் நகராது. வெளியே யாராவது கூப்பிட்டால், “இருங்க, வர்றோம்” என்று குரல் கொடுத்துவிட்டு நாங்கள் அப்படியே இருக்கிறோம்.