பனிக்கு மேலே ஒரு நுனி

துவாய்களை நெஞ்சளவுக்கு அடுக்கி, அவற்றின்மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை உதறிப் போர்த்தினார் பாலேந்திரா. உச்சியில் கறுப்புச் சொக்ஸ் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினார். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறை. ஒரு கிழமையாக இடைவேளைதோறும் இதே வேலை. சொக்ஸ், சோடி தொலைந்த ஒற்றை. தோய்த்து வைத்தும் கேட்டு வர ஆளில்லை.

"இஞ்ச பாருங்க, அண்ணன் மலை கட்டத் தொடங்கிட்டார்," என்றார் கூட வேலை செய்யும் மட்டக்களப்பு றெஜினா.

"மலையில்லை பிள்ளை, நுனி. மிச்சமெல்லாம் பனிக்குள்ள கிடக்கு."

பனிப்பாளத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் பாறை முகட்டுக்குக் கிறீன்லாந்துக்காரர் சொல்லும் பெயர் நுனாத்தாக். மகள் தர்ஷனா வாயால் அதைக் கேட்ட அன்றே, அது நம்முடைய 'நுனி'தான் என்று முடிவுகட்டிவிட்டார். "ஐயோ அப்பா, அது வேற பாஷை!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவர் விடுவதாயில்லை.

தர்ஷனா பாறைகளைப் படிப்பவள். வடதுருவ வட்டத்துக்கு அப்பால் அதைவிட உயர்ந்த மலையில்லை என்கிற, கிறீன்லாந்தின் குன்பியோர்ன் சிகரத்தின் அடியில் கூடாரம் போட்டிருக்கிறாள். ஊரில்லை, பாதையில்லை, ஒரு மரமில்லை. சறுக்குக் கட்டை பூட்டிய விமானம் வந்து ஏற்றினால்தான் உண்டு. ஒரு கிழமையாகப் புயலில் அது வரவில்லை.

டென்மார்க்கில் 'வானமலை' என்று பேர் வைத்திருக்கும் குன்றின் உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். அதில் ஏறியே பாலேந்திராவுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பிடி இருபத்தஞ்சை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிப் பார், றெஜினா! அவ்வளவு உயரம், மகள் நிக்கிற மலை."

"பயமா இல்லையா அண்ணன்?"

"நித்திரையே இல்லை. ஆனா மகள் அனுப்பின படத்தைப் பார்த்தா, கை தானாக் கும்பிடுது."

அப்போதுதான் போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, நாங்கள் நெத... தமிழில என்னது, கீழ! கீழ வந்திட்டம். ஐஸ்லாந்தில நிக்கிறன்."

கேட்க எவ்வளவோ இருந்தது. "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

போனை வைத்ததும் றெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே விரிப்பின் ஓரத்தைப் பிடித்தார். "இனிக் கலைக்கலாம்தானே, மலைக்காரர்?"

"பொறு பிள்ளை."

பாலேந்திரா செருப்பைக் கழற்றினார். கறுப்புச் சொக்ஸின் நுனியை இரு விரலால் தொட்டு, மெல்லக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.