பனி பார்க்கப் போன இட்லி மாவு

வேன் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் வருகிற கஷ்டத்தைவிட, வண்டி கிளம்புவதற்கு முன்னால் வாடகைக்குப் பேசுகிற பார்ட்டி வீட்டில் உட்கார்ந்து படுகிற கஷ்டம்தான் பெரிசு. ஸ்டியரிங் பிடித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திருச்செந்தூர், குற்றாலம், சபரிமலை என்றே ஓடின என் வண்டியைப் பனி பார்க்கக் கூப்பிட்டது ஒரே ஒரு வீடு. பேட்டை பாத்திரக்கடை அண்ணாச்சி வீடு. கூப்பிட்டதும் அண்ணாச்சி இல்லை, அவர் சம்சாரம் கோமதி மதினி.

காலண்டர்

மற்ற கடைக்காரர்கள் அடிக்கிற காலண்டரில் முருகன் இருப்பார், மாதா இருப்பாள். இந்தக் கடைக் காலண்டரில் மட்டும் வருஷா வருஷம் பனிமலைதான். எந்தப் படம் என்று பொறுக்கிக் கொடுப்பது மதினி. கல்யாணமான புதுசில் அப்படி ஒரு படத்தைக் காட்டி, உன்னை அங்கன கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இப்போது பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த அம்மா பார்த்த பெரிய குளிர் மாஞ்சோலை மலை மூடுமஞ்சுதான்.

முழங்கால் வலி வேறு ஆரம்பித்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் படத்தோடு சரி என்று மதினியே என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, முழுப்பரீட்சை லீவில் போக வேண்டும் என்று சொன்னார். அண்ணாச்சி பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "அவ சொல்லுதாளேன்னு வண்டியைக் கழுவிராதியும் வே. அடுத்த காலண்டர் அடிக்கதுக்குள்ள மறந்துருவா."

ஒரே ரோடு

மறக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டு விட்டார். வழி தெரியாத ஊருக்கு எப்படிப் போக என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். நம்ம ஊர் நாலுவழிச் சாலையில் ஏறினால் மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், டெல்லி எல்லாம் தாண்டி அம்பாலா வரைக்கும் ஒரே ரோடு, அங்கன திரும்பினால் மணாலி என்று சொன்னேன். அவர் மகன் செல்போனில் அந்த வழியைக் கோடாகக் காட்டினான். அண்ணாச்சி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, கடையை யார் பார்ப்பது என்றார். ஆனித் தேரோட்டத்துக்கு அடைக்கிறீர்களே, இதை என் தேரோட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் மதினி.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பெரிய அஸ்திரத்தை எடுத்தார். காலையில் இட்லி இல்லாவிட்டால் அவருக்கு விடியாது. கிரைண்டரையே வண்டியில் ஏற்றிக்கொள்வோம் என்று மருமகள் சொல்லியும் கேட்கவில்லை. "குளிர்ல மாவு பொங்காதுளா. பொங்கட்டும், நான் வாரேன்."

ஐஸ் கம்பெனி

சொன்னதோடு விடவில்லை. புதுசாக ஆட்டின மாவை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றி, பேட்டையிலேயே இருக்கிற ஐஸ் கம்பெனியில், தெரிந்தவர் மூலமாக உள்ளே வைத்துவிட்டு வந்தார். மறுநாள் பஜாரில், கடை வாசலில், மதினியோடு நாலு பேரையும் கூட்டி வைத்துத் திறந்தார். ஊற்றினது ஊற்றினபடி, சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பு மாதிரி கிடந்தது மாவு. எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துப் புகையிலைக்கடைக்காரர் மதினியைப் பார்த்துக் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. "ஏன் மதினி, மாவுக்கு ஒரு கம்பளிச் சொட்டர் பின்னிப் போட்டுருவமா?"

பாபநாசம் சவாரி

மதினி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தூக்கை எடுத்துக்கொண்டு நேரே என் வண்டிக்கு வந்தார். நான் அப்போதுதான் ஒரு சவாரி முடித்து, கடைக்கு எதிரே நிறுத்தியிருந்தேன். என் வேனில் என்ஜின் உள்ளேயே, டிரைவர் சீட்டை ஒட்டி இருக்கிறது. அதன் மேலே உள்ள பானட் மூடியில் கையை வைத்தவர் சுருக்கென்று எடுத்துக்கொண்டார். குளிர் ஊரிலும் இது இப்படித்தான் சுடுமா என்று கேட்டார். வண்டி ஓடினால் எங்கேயும் சுடும், மலை ஏறினால் இன்னும் சுடும் என்றேன்.

மறுநாள் எனக்குப் பாபநாசத்துக்கு ஒரு கோயில் பார்ட்டி. விடியும் முன்னே மதினி வந்து, பானட்டில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, அதே தூக்கில் புது மாவை ஊற்றி உட்கார்த்தி, கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். பார்ட்டி அது என்ன என்று கேட்டதற்கு, சாமிக்கு நேர்ச்சை என்று சொல்லிச் சமாளித்தேன். கோயில், அணை, மணிமுத்தாறு அருவி எல்லாம் பார்த்துத் திரும்பும்போது அம்பாசமுத்திரம் தாண்டினதும் வண்டி முழுக்கப் புளிப்பு வாசனை. பேட்டை வந்து பார்க்கிறேன், மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பானட்டில் வழிகிறது மாவு. அதைச் சுரண்டி எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

மதினி தூக்கை அப்படியே கொண்டுபோய், கடையில் ஆள் நிற்கும்போதே அண்ணாச்சி மேஜையில் வைத்தார். அண்ணாச்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். புகையிலைக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மதினி குரலை உயர்த்தவேயில்லை. "வண்டிச் சூட்டுல மாவு பொங்கிட்டு. இனி என்ன சொல்லப் போறிய?"

மணாலிக்கு மேலே

முழுப்பரீட்சை லீவு விட்டதும் கடை ஷட்டரை அண்ணாச்சியே இழுத்துப் பூட்டினார். மூட்டை முடிச்சு, பேரப்பிள்ளைகள், கிரைண்டர் எல்லாம் பின்னால். முன்னால் எனக்குப் பக்கத்தில், கம்பளி மெத்தையில், தூக்கு. மூன்று தடவை தங்கி, மூன்று இடத்திலும் மாவு ஆட்டியாயிற்று. மணாலிக்கு மேலே ஏறி, ரோட்டோரம் பனி தெரிந்ததும் வண்டியை நிறுத்தினேன். பிள்ளைகள் உருண்டார்கள். மருமகள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவ்வளவு வெள்ளைக்கு நடுவே இட்லிச் சட்டியிலிருந்து ஆவி எழுந்ததைப் பார்த்து, போகிற வருகிற வண்டியெல்லாம் நின்றது.

அண்ணாச்சி குல்லாவும் சால்வையுமாக நின்றுகொண்டே ஆறு இட்லி தின்றார். மதினி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முழங்கால் வரைக்கும் பனியில் இறங்கி, இரண்டு கையிலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். குளிருது, வண்டியில ஏறு என்று அண்ணாச்சி பல் தந்தியடிக்கக் கூப்பிட்டார். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை காலண்டர் கிழிச்சிருக்கேன். நான் பைய வாரேன், நீங்க இட்லியைத் தின்னுங்க."

இந்த வருஷக் காலண்டரில் பனிக்கு நடுவே மதினி தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார், ஓரத்தில் அண்ணாச்சியின் தட்டும் ஒரு முழங்கையும் மட்டும் தெரிகிறது. புகையிலைக்கடைக்காரரும் ஒன்று வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

இப்போதெல்லாம் என் வண்டியைப் பேச வருகிறவர்கள் எத்தனை சீட் என்று கேட்பதில்லை, பானட் எவ்வளவு சுடும் என்றுதான் கேட்கிறார்கள்.