வெயிலோடு மல்லுக்கு நின்ற மங்கை மேடம்

மாங்காட்டில் என் தங்கை வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் இம்மானுவேல். எந்தச் செய்தியையும் "சிஸ்டர், ஒரு குட் நியூஸ்" என்று தொடங்குவது அவர் வழக்கம். அன்று மூச்சு மட்டும்தான் கேட்டது.

"என்னப்பா, சொல்லு."

"மங்கை மேடம் போய்ட்டாங்க சிஸ்டர். காலைல காபி குடிச்சிட்டு அப்டியே சாஞ்சிட்டாங்களாம்."

"குடிச்சிட்டா, குடிக்கிறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

"குடிச்சிட்டுத்தான்" என்றார் இம்மானுவேல். அவருக்கும் அது முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மங்கை மேடம் பாதியில் விட்டுப் போகிற ஆள் இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் மங்கையர்க்கரசி, பூந்தமல்லிப் பக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவராத கிருமி ஒன்று, ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு அவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. அந்தக் கிருமியைத் தேடிப் பிடிப்பதும் விரட்டுவதும் மேடத்தின் வேலை. நான் அறுவைப் பிரிவு வார்டின் சிஸ்டர். அதனால் எங்கள் இருவருக்கும் தினமும் பேச விஷயம் இருந்தது. பாதி நாள் சண்டை, மீதி நாள் சிரிப்பு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் எங்களைச் சிரிக்க வைத்துவிட்டார். சாதாரண நூல் சேலை, தோளில் துணிப்பை, கையில் டிபன் கேரியர். வாசலில் இருந்த காவலாளி நோயாளியைப் பார்க்க வந்தவர் என்று நினைத்து, "பாஸ் இல்லாம உள்ள போக்கூடாதும்மா" என்று நிறுத்திவிட்டார். மேடம் தான் யாரென்று சொல்லாமல் வரிசையில் நின்று, பாஸ் வாங்கி, அதைச் சேலையில் குத்திக்கொண்டு நேராக நிர்வாகக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். மருத்துவமனைத் தலைவரான பெரிய டாக்டர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

"இன்னாத்துக்கு டாக்டர் மன்னிப்பு? அந்தாளு அவர் வேலைய கரெக்டா பாக்குறாரு. கிருமியையும் அதே மாதிரி வாசல்லயே நிறுத்தினாருன்னா எனக்கு வேலையே இல்ல" என்றார்.

அவர் திருமழிசைக்காரர். பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு அப்பா தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அரசுப் பள்ளி, அரசு மருத்துவக் கல்லூரி என்று படித்து வந்தவர் மேடம். கருத்தரங்குகளில் அழகான ஆங்கிலம் பேசுவார். வார்டுக்குள் வந்துவிட்டால் ஊர்ப் பேச்சுதான். கோவில்பட்டியிலிருந்து வந்த எனக்கு முதல் சில மாதங்கள் அவர் சொல்வதில் பாதி புரியவில்லை. அது தெரிந்து வேண்டுமென்றே இன்னும் வேகமாகப் பேசுவார்.

மற்ற டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கும் முன் கேஸ் ஷீட்டைப் பார்ப்பார்கள். இவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார். மார்கழியில் முகம் மலர்ந்திருக்கும். பங்குனி வந்தால் புருவம் ஏறிவிடும். "ஈரத்துல வாழுற கிருமிங்களுக்கு சூடும் கெடச்சுதுன்னு வெச்சுக்க, அதுங்களுக்குத் திருவிழா. நமக்கு வேர்வை, அதுங்களுக்கு விருந்து" என்பார். எங்களில் சிலர் அதை மேடத்தின் தமாஷ் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

ஒரு கோடையில் அது தமாஷாக இல்லாமல் போனது.

எங்கள் பொது வார்டு மொட்டைமாடிக்கு நேர் கீழே. மதியத்தில் சுவரைத் தொட்டால் சுடும். நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், பெரிய டாக்டர் தன் சொந்தச் செலவில் பெரிய ஏர்கூலர் ஒன்று வாங்கி வைத்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த காற்றை வீசும். வார்டே அவரை வாழ்த்தியது. அதன் எதிரே இருக்கும் கட்டிலுக்கு நோயாளிகளிடையே போட்டி.

அந்தக் கட்டில் சரவணனுக்குக் கிடைத்தது. திருமழிசையில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அறுவை நன்றாக முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தேன். தையலோரம் சீழ். அடுத்தடுத்து இன்னும் இரண்டு பேருக்கும் அதே போல.

புண்ணிலிருந்து எடுத்த சீழைச் சோதித்தபோது, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி என்று தெரிந்தது. எலும்பு வரை போய்விட்டால் கம்பியை எடுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் காலே போகலாம். கூட்டத்தில் ஒருவர், "வீட்டுச் சுத்தம் சரியில்லாதவங்க. அங்கேருந்தே வந்திருக்கும்" என்றார். மேடம் அவரைப் பார்த்தார். எழுந்து நேராக வார்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சரவணனின் அம்மா கட்டிலோரம் நின்றிருந்தார். "எம்புள்ள காலு ஒடஞ்சுதான் வந்தான், சீக்கோட வரல. இங்க வந்துதான இது ஒட்டிகிச்சு?" என்றார்.

நான் ஏதாவது சமாளிப்பதற்குள் மேடம் சொன்னார்: "ஆமாக்கா. இது உங்க ஊட்டுக் கிருமி இல்ல, எங்க ஊட்டுக் கிருமி. எங்க குந்திகினு கீதுன்னு இன்னும் தெரியல. தேடிகினு கீறேன். புள்ள காலு எம்பொறுப்பு."

நிர்வாகம் அதிர்ந்துபோனது. யாரும் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த அம்மா அதுவரை பிடித்திருந்த கட்டில் கம்பியை விட்டுவிட்டு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு தேடல் தொடங்கியது. குழாய், சிங்க், மருந்துத் தட்டு, மெத்தை உறை என்று பஞ்சுக் குச்சியோடு அலைந்தார். இம்மானுவேலும் நானும் உடன் அலைந்தோம். கடைசியில் ஏர்கூலரின் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே விரலை விட்டார். கையுறையில் வழவழவென்று பச்சைப் பாசி. "அடிப்பாவி, நீயா?" என்றார், ரொம்ப நாள் தேடிய தோழியைப் பார்த்தது போல.

தொட்டித் தண்ணீரில் அதே கிருமி வளர்ந்தது. சரவணனுடைய புண்ணிலும் இன்னொருவர் புண்ணிலும் இருந்ததோடு அது ஒத்துப்போனது. மூன்றாமவருடையது ஒத்துப்போகவில்லை. அதையும் மறைக்காமல் கூட்டத்தில் சொன்னார்: "மூணாவது ஆளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. வேர்வையில நனையுற கட்டா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். வெயில் காலத்துல ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழி தொறக்கும்." ஏர்கூலர் வாங்கிய பெரிய டாக்டர் தலை குனிந்திருந்தார். மேடம் அவரிடம், "நல்ல மனசுல வாங்கினீங்க டாக்டர். அது கிருமிக்குத் தெரியலயே" என்றதும் அவரே சிரித்துவிட்டார்.

கண்டுபிடித்தது கூட எளிது. ஏர்கூலரைத் தூக்கியதுதான் கஷ்டம். வார்டில் பெரிய கலவரம். "இன்னா மேடம், இந்த வேக்காட்டுல அதையும் தூக்கிகினு போறீங்க? நாங்க வெந்து சாவறதா?" என்று ஒருவர் கத்தினார். அவர் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் காலை மேடத்தின் மேசையும் நாற்காலியும் வார்டுக்குள் வந்து இறங்கின. லேபுக்கு அடுத்த அவருடைய குளிர்சாதன அறையைப் பூட்டிவிட்டார். "நீங்க வேகுற வரிக்கும் நானும் இங்கயே வேகுறேன். எனக்கு வேர்த்தா உங்களுக்கு வேர்க்குதுன்னு ஞாபகம் இருக்கும், மேல இருக்கறவங்கள நச்சரிப்பேன்" என்றார். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அங்கேயேதான் இருந்தார். நச்சரித்தும் காட்டினார். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய மின்விசிறிகள் மாறின. வேர்வையில் கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று எங்களை விரட்டினார். மதியம் எல்லோருக்கும் மோர் வந்தது. யாருக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் என்பதில் பஞ்சாயத்து நடக்கும், தீர்ப்பு மேடம் சொல்வார். வெந்துபோன அந்த வார்டில் அந்தக் கோடையில் கேட்ட சிரிப்பை நான் வேறெந்த வார்டிலும் கேட்டதில்லை.

சரவணனின் புண்ணை மீண்டும் திறந்து சுத்தம் செய்தார்கள். சரியான மருந்தைத் தேர்ந்து கொடுத்தார்கள். ஒரு நாள் காலை கட்டைப் பிரித்தபோது துணி காய்ந்திருந்தது. நான் கூப்பிடும் முன்பே மேடம் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார். "வாசனையே இல்ல செல்வி! வாசனையே இல்ல!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு புண் நாறவில்லை என்பதற்காக இப்படி ஆனந்தப்படும் ஒருவரை உலகில் வேறெங்கே பார்க்க முடியும்?

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஊன்றுகோலோடு மாப்பிள்ளை மேடை ஏறினார். ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் ஆடிய கூட்டத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவர். "மாப்ள ஆட முடியல, நான் அவர் பங்கையும் சேத்து ஆடுறேன்" என்றார். பெண்ணின் சித்தப்பா, "யாரு மாமே அது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வந்தால் வேறு கவலை. விரிப்புகள் காயாது, சுவரில் ஓதம் ஏறும், காய்ச்சல்காரர்கள் வந்து கட்டில்கள் நெருங்கிவிடும். சலவைப் பிரிவில் போய், ஈரம் போகாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குக் கொஞ்சம் வெயிலு வேணுமே" என்று ஏங்குவார்.

"கோடையில வெயிலைத் திட்டினீங்களே மேடம்" என்றேன் ஒருமுறை.

"வெயிலு வெளில நின்னா சொந்தக்காரன், உள்ள வந்தா கடன்காரன். அவ்ளோதான் செல்வி" என்றார்.

ஓய்வு பெற்றபின் சிறுநீரகம் பழுதானது. ரத்தம் சுத்திகரிக்க எங்களிடமே வந்தார். கழுத்தோரம் குழாய் பொருத்தியிருந்தது. அப்படிப்பட்ட குழாய் வழியேதான் கிருமி எளிதாக ரத்தத்துக்குள் போகும். அதுவும் கோடையில். எங்களைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். நாங்கள் பயந்தோம். அவரோ ஒவ்வொரு முறையும் கட்டிலில் படுத்தபடி, "இன்னா, இன்னிக்கு வெளில எவ்ளோ சூடு?" என்று போட்டி நிலவரம் கேட்பது போலக் கேட்பார்.

அக்னி நட்சத்திரம் முடிந்த அன்று ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். அவருக்கு அதைத் தின்ன அனுமதி இல்லை, எங்களுக்காக. "முழு கோடையும் தாண்டிட்டேன், ஒரு காய்ச்சல் வரல. அதுங்க தோத்துப்போச்சு" என்றார். அவர் உயிரைக் கொண்டுபோனது இதயம். கிருமி எதுவும் கடைசிவரை அவரிடம் ஜெயிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

திருமழிசை வீட்டில் மதியம் எடுத்தார்கள். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. சுடுகாடு வரை போனவர்கள் திரும்பியதும், வாசலில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று பெண்கள் தண்ணீர் டிரம்மும் சோப்பும் வைத்தோம். முதலில் வந்தவர் பெரிய டாக்டர். கையில் சோப்பைத் தேய்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டை விரல், நகக்கண், மணிக்கட்டு. மேடம் எங்களை விரட்டி விரட்டிப் பழக்கிய அதே முறை. அவருக்குப் பின்னால் எலும்பு மருத்துவர், இம்மானுவேல், ஓட்டுநர்கள், காவலாளிகள். ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரும் ஒரு விரலையும் விடவில்லை. வரிசை தெருமுனை வரை நீண்டது.

பக்கத்து வீட்டு அம்மா வாயில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா இது? காலு கழுவிகினு உள்ள வாங்கன்னா, ஆபரேசனுக்குப் போற மாதிரி கழுவுறாங்க?"

மேடத்தின் கணவர் குமரேசன் சார் சுடுகாட்டிலிருந்து கடைசியாக வந்தார். வரிசையை ஒருமுறை பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு, பிறகு டிரம்மருகே நின்றவர்களுக்கு. நுரை படிந்த கைகளை உயர்த்திப் பிடித்தபடி, கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல், அந்தத் தெருவே சிரித்தது.

சென்று வாருங்கள் மேடம். இங்கே கைகளெல்லாம் சுத்தமாக இருக்கின்றன.