2, 3, 5, 7: விடை மூன்றா, ஏழா?

ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்குக் கணக்குக் கேள்வி எழுதித் தருவது என் பிழைப்பு. விடை எழுதுபவன் தவறினால் மார்க் போகும், கேட்பவன் தவறினால் மானம் போகும் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததல்ல. பகா எண்களைக் கூட்டி இன்னொரு பகா எண்ணைக் கொண்டுவரும் கேள்விகளில் பெங்களூரில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு மஞ்சுநாத்

கேள்விகளைச் சரிபார்க்கும் மஞ்சுநாத் 2, 2, 3 என்று எழுதி, கூட்டினால் ஏழு வருகிறதே, சேர்த்துக்கொள்ளலாமா என்றார். கணம், அதாவது செட், என்றால் ஒரு எண் ஒருமுறைதான், இரண்டாவது 2 செல்லாது என்று அடித்துச் சொன்னேன். எங்கள் ஆபீசில் மஞ்சுநாத் என்று இன்னொருவரும் உண்டு. சரிபார்க்கும் மஞ்சுநாத் கேட்டார்: "அப்போ பர்த்டே கேக்ல எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பீஸ்தானா குரு?"

2 இல்லாத தேர்வு

கூட்டினால் பகா எண் வரும் இரண்டு பகா எண்களைக் கேட்டால் எல்லோரும் 2-ஐ வைத்தே தப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கடுப்பில் '2-ஐப் பயன்படுத்தக் கூடாது' என்று சேர்த்துவிட்டேன். மற்ற பகா எண்களெல்லாம் ஒற்றைப்படை. அவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் இரட்டைப்படைதான் வரும், விடையே கிடையாது என்பது தேர்வு பாதி போன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஹாலில் ஒரு பேனா அசையவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த விவேக் நகர் மேரி அக்கா பெருமையோடு சொன்னார்: "இவ்ளோ அமைதியான எக்ஸாம் ஹாலை நான் பாத்ததே இல்ல சார்."

ஏழு எழுதிய செல்வி

2, 3, 5, 7 இவற்றிலிருந்து, கூட்டுத்தொகை பகா எண்ணாக வரும் கணங்கள் எத்தனை? மூன்று என்பது என் விடை: 2-உம் 3-உம், 2-உம் 5-உம், நான்கும் சேர்ந்து பதினேழு. பீன்யாவில் ஷிப்ட் வேலை பார்க்கும் செல்வி ஏழு என்று எழுதி, ஒரே மார்க்கில் வேலையைக் கோட்டைவிட்டிருந்தார். நேரே என் மேஜைக்கே வந்துவிட்டார். ஒரே எண் இருந்தாலும் அது கணம்தானே, தனித்தனியாக நிற்கும் அந்த நான்கையும் ஏன் எண்ணவில்லை என்று கேட்டார்.

குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும் என்பது என் மனதில் இருந்தது, தாளில் இல்லை. வெட்கமாகிவிட்டது. விடைப்பட்டியலில் மூன்றை அடித்து ஏழு என்று திருத்தினேன்; வேலை அவருக்கு உறுதியானது. எழுந்தவர் தயங்கி நின்றார். "மூணுன்னு எழுதினவங்க மார்க்கை எடுத்துடாதீங்க சார். நீங்க நினைச்சதைத்தானே அவங்களும் நினைச்சாங்க."

இன்றுவரை ஒரு கணக்கைக்கூட நான் தப்பாகப் போட்டதில்லை. தப்பாகக் கேட்டதுதான் உண்டு.