கோழி அடைகாத்த எஞ்சின்

பழைய எஞ்சினுக்குப் பெயாரிங் மாற்றுகிறவன் கையில் ஸ்பேனர் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், வாயில் "கொஞ்சம் பொறுங்க" இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். என்னைப் போலப் பழைய வாகனத்தோடு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டைத் தாங்குகிற அந்தப் பிறைத் தகடு தேய்ந்துவிட்டால், எஞ்சின் வயிற்றுக்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

பாட்டு வைத்தியம்

கட்டுகஸ்தோட்டையில் என் கராஜ். கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் செல்வநாதன் ஐயா காருக்கு எஞ்சின் ஒயில் மாற்ற வந்தார். காருக்குள் ரேடியோ அலறியது. எனக்கோ பாட்டுக்கு நடுவே வேறொரு தாளம் கேட்டது. கையை விட்டு ரேடியோவை நிறுத்தினேன். டொக், டொக், டொக்.

"பெயாரிங் போயிருச்சுங்க ஐயா. இப்படியே ஓட்டினா கிராங்கும் போயிரும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த காரு தம்பி, நீங்க ரேடியோவ நிப்பாட்டின பிறகுதான் பழுதாச்சு."

படம் உண்டு

மடவளை ஊர்க்காரர் ரவூப் நானா எனக்கு அண்ணன் மாதிரி; மரக்கறி ஏற்றும் லொறிதான் அவருக்குச் சோறு. அதற்கும் இதே வியாதி. கழற்றிப் பார்த்தால், பெயாரிங் தேய்ந்து அடியிலிருந்த செம்பு தெரிந்தது. இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். கண்டியில் வாகனச் சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் போனைத் தடவித் தடவி, பளபளவென்று ஒரு புதுப் பெயாரிங்கைக் காட்டினார். அதேதான்! நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"சாமான் இல்ல பாஸ், படம் வேணும்னா அனுப்பிவிடுறேன்."

தாய்க்கு இடம்

கலகெதரயில் ஒரு வீட்டின் பின்னால் அதே ரக லொறி நிற்பதாகத் தகவல் வந்தது. எஞ்சினைப் புதிதாகச் செய்த கையோடு மதிலில் மோதி, முன்பக்கம் நசுங்கி நின்றுபோன வண்டி. பெயாரிங் தேய்ந்திருக்கவே வாய்ப்பில்லை. வீட்டுக்கார ராத்தாவும் ஒரு அக்காவைப் போலப் பெயாரிங்கைத் தரச் சம்மதித்தார். ஆசையோடு பொனட்டைத் தூக்கினேன். எஞ்சின் மேல் கோழியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு கொத்து.

ராத்தா பதறி ஓடி வந்தார், கோழிக்காக.

"குஞ்சு வரட்டும் தம்பி, அந்த எஞ்சின் எங்க ஓடப்போகுது?"

சத்தத்தைக் காணோம்

இதற்கிடையில் பழைய இரும்புக்காரர் ஒருவர் நானாவின் லொறியை எடைக்குக் கேட்டுக் கராஜுக்கே வந்துவிட்டார். ரவூப் நானா சாவியைக் கையில் உருட்டினார். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "கோழியே பொறுமையா ஈக்கி, நான் ஈக்க மாட்டேனா?"

குஞ்சு பொரித்தது. ராத்தா கூப்பிட்டார். பெயாரிங் கிடைத்தது, ஆனால் அங்கே கிராங்கைத் தேய்த்துப் போட்டிருந்ததால் அளவு சிறிது. செருப்புக்காகக் காலை வெட்டாதே என்பார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் வெட்டினோம்: பெயாரிங்குக்கு ஏற்றபடி நானாவின் லொறிக் கிராங்கையும் லேத்தில் தேய்த்தோம்.

சில நாள் வெறும் லொறியாக ஓட்டிப் பழக்கியபின், பாரம் ஏற்றிக்கொண்டு கலகெதர ஏற்றத்தில் ஏறினோம். வண்டி முனகாமல் ஏறியது. பாதியில் நானா ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். பொனட்டில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சத்தத்தக் காணோமே தம்பி, எஞ்சின விட்டுட்டு வந்துட்டமா?"

எஞ்சின் டொக்கென்று தட்டினால் குற்றம் எங்கள் மேல், தட்டாவிட்டால் சந்தேகமும் எங்கள் மேல், இதுதான் எங்கள் பிழைப்பு.