ஆறுமுகத்தை நீக்கின ஒத்தை வரி

கோட் எழுதிப் பிழைக்கிறவன் செய்யிற தப்பு, அவனுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அடுத்தவங்க வீட்டு அடுப்புக்குத் தெரிஞ்சுடும். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்.

அண்ணன் பார்த்த மரம்

எச்.டி.எம்.எல் பக்கம், அதான் வெப்சைட் பக்கம், கட்டுறதுக்குச் சொந்தமா ஒரு லைப்ரரி எழுதினேன். பக்கத்துல வர்ற ஒவ்வொரு தலைப்பும், ஒவ்வொரு வரியும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு நோட். அதுக்குள்ள அதோட பிள்ளை நோடுங்க, மரம் கிளை விடுற மாதிரி. எங்க மரக்காணத்துல உப்பளத் தொழிலாளர் சங்கம் ஒண்ணு உறுப்பினர் பட்டியல் கேட்டுது. குடும்பத் தலைவரை ஒரு நோடா வச்சு, பொண்டாட்டியை அவருக்குக் கீழயும், பிள்ளைங்களை அவங்களுக்குக் கீழயும் வச்சேன். செயலாளர் தணிகாசலம் அண்ணன் பார்த்துட்டுச் சொன்னாரு: "வாய்க்கா, அதுக்குக் கீழ பாத்தி. ஏம்பா, எங்க உப்பளத்தையே கம்ப்யூட்டர்ல கட்டிட்டியே."

நீக்கு

சித்திரை வெயில்ல உப்பு வாரிக்கிட்டு இருந்த ஆறுமுகம் அப்படியே சாஞ்சவருதான், எழுந்திருக்கல. அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டே அவர் பேருக்கு நேரா 'நீக்கு' பட்டனை அமுக்கினாரு. அந்தப் பட்டனுக்கு நான் எழுதினது ஒத்தை வரி. நோடை எடுத்தா, கீழ இருக்கிறதும் கூடவே போயிடும். யாரும் கவனிக்கல.

ஐப்பசி மழையில பாத்தியெல்லாம் மூழ்கிடுச்சு, வேலை கிடையாது. சங்கம் அரிசி குடுத்துது. ஆறுமுகம் பொண்டாட்டி விஜயா அக்கா ரெண்டு நாள் வரிசையில நின்னுட்டு, பட்டியல்ல பேரே இல்லன்னு வெறும் பையோட திரும்பியிருக்காங்க. மூணாம் நாள் எங்க வீட்டு வாசலுக்கு வந்தாங்க. சத்தம்கூடப் போடல. "அவருதாங்க செத்தாரு. நாங்க இன்னும் சாகல."

பச்சை டிக்

அடுத்த லோடு அரிசி வெள்ளிக்கிழமை வருது, அதுக்குள்ள பட்டியல் சரியாகணும். சென்னையில என்கூட வேலை பார்க்கிற பிரகாஷுக்குப் போன் போட்டேன். 'அப்பா நோட் போனா பிள்ளை நோடும் போகணும்'னு நானே கோடைச் சரிபார்க்க டெஸ்ட் எழுதி, அது பச்சை டிக் காட்டினதுல சந்தோஷப்பட்டிருக்கேன்னு சொல்லி அழுதேன். அவன் கேட்டான்: "டேய், டெஸ்டெல்லாம் பாஸ்தானே, அப்புறம் ஏன்டா அழுவுற?"

அவருக்குக் கீழ

வியாழக்கிழமை திருத்தி, போன பேருங்களையும் திரும்பச் சேர்த்துட்டேன். இனிமே ஒருத்தரை எடுத்தா, கீழ இருக்கிறவங்க ஒரு படி மேல ஏறிடுவாங்க. போனை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்கே போய்க் காட்டினேன். மேல விஜயா, கீழ ரெண்டு பொண்ணுங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அவரு எங்கன்னு கேட்டாங்க. "எடுத்தாச்சுக்கா"ன்னேன்.

"அவரு பேரு இருந்த எடத்துலயே இருக்கட்டும் தம்பி, செத்துட்டாருன்னு பக்கத்துல போட்டுக்குங்க. அவருக்குக் கீழ இருந்தா எங்களுக்கு அரிசி குடுக்க மாட்டாங்களா?"

வெள்ளிக்கிழமை அரிசி கிடைச்சுது. ஆனா ஒரு மனுசனை நீக்குறதுக்கு ஒத்தை வரி போதும்னு இருந்தவனுக்கு, செத்தவரை அவர் எடத்துலயே இருக்க விடுறதுக்கு நாப்பது வரி பிடிச்சுது.